ஈவன் கீல்னா என்னங்க?

கேள்வி: 'பொருளாதாரம் ஈவன் கீல்ல இருக்கு'ன்னு பேப்பர்ல போடறாங்க, எங்க ஆபீஸ் மேனேஜரும் டீமைப் பத்தி இதையேதான் சொல்றார். கப்பல் சமாச்சாரமாமே, ஆடாம அசையாம நிக்கறதா? – பெரம்பூர் வாசகி

பதில்: கப்பல் சமாச்சாரமேதான், ஆனா அசையாம நிக்கறது இல்லைங்க, கடல்ல எந்தக் கப்பல் ஆடாம இருக்கு! கீல்ங்கறது கப்பலோட அடிவயித்துல அணியத்துலேர்ந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரைக்கும் நீளமா ஓடற முதுகெலும்பு. அது ரெண்டு முனையிலயும் ஒரே ஆழத்துக்கு முங்கியிருந்தா ஈவன் கீல், அவ்ளோதான். சைடுல சாயறது கணக்குப்படி வேற விஷயம், பேச்சுல ரெண்டையும் ஒண்ணாக்கி, தடுமாறாம சீரா போற எதையும் ஈவன் கீல்னு சொல்லிடறாங்க.

கப்பலைக் கிட்டத்துல பாத்தீங்கன்னா முன்னாடியும் பின்னாடியும் நம்பர் பெயின்ட் பண்ணியிருக்கும், மீட்டர் கணக்குல போட்டதுன்னா ஒவ்வொரு எண்ணும் 10 செ.மீ. உயரம், நம்பரோட அடிவிளிம்பு தண்ணியைத் தொட்டா அத்தனை மீட்டர் ஆழம்னு அர்த்தம். முன்னாடி 9, பின்னாடியும் 9னா சரி. ஆனா கிரேன் நாலு கன்டெய்னரை முன்பக்கமா இறக்கினா அந்தப் பக்கம் முங்கும், உடனே பேலஸ்ட் டேங்க்ல, அதாவது கப்பலைச் சமநிலையில வைக்கற பாரத்துக்கான தொட்டியில, தண்ணியை பம்ப் பண்ணி சரிக்கட்டணும், சரக்கு ஏறி முடியற வரைக்கும் இந்த வேலை ஓயாது. ஆழம் கம்மியான துறைமுகம்னா இது ரொம்ப முக்கியம், ஏன்னா எந்த முனை அதிகமா முங்குதோ அதுதான் முதல்ல தரை தட்டும். மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க, காலிக் கப்பலை வேணும்னே பின்பக்கம் கொஞ்சம் முங்க வச்சுதான் ஓட்டுவாங்க, இல்லேன்னா புரொபல்லர் தண்ணிக்கு மேல வந்துடும்!

பேலஸ்ட்ல அசால்ட்டா இருந்தா என்ன ஆகும்னா, ஸ்வீடன்ல 'வாசா'ன்னு ஒரு போர்க்கப்பல், 1628ல முதல் பயணத்துலயே, கரையிலேர்ந்து ஒன்றரை கிலோமீட்டர்கூட போகல, காத்து லேசா தள்ளினதுல சாஞ்சு பீரங்கி ஜன்னல் வழியா தண்ணி புகுந்து முங்கிடுச்சு. மேல வெயிட்டு ஜாஸ்தி, கீழ பாரம் பத்தல. 1961ல வெளிய எடுத்து இப்ப ஸ்டாக்ஹோம் மியூசியத்துல வச்சிருக்காங்க.

கேள்வி: அப்போ நம்ம ஊர் படகுக்கும் கீல் உண்டா? – ராயபுரம் வாசகர்

பதில்: கட்டுமரத்துக்கு ஏதுங்க கீல், மரத்தைச் சேர்த்துக் கட்டினதுதானே. சென்னையில துறைமுகம் வர்றதுக்கு முன்னாடி கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டாந்தது மசூலா படகு, அதுக்கும் கீல் கிடையாது, அடி தட்டை. பலகையை ஆணி அடிக்காம தென்னங்கயித்தால தைச்சிருப்பாங்க, அலை அடிக்கறப்போ வளைஞ்சு கொடுக்கும், மணல்ல மோதினாலும் தாங்கும். வெள்ளைக்காரனோட கீல் வச்ச போட்டு அந்த அலையில வந்தா உடைஞ்சே போயிடும்னு, அவங்களே இதுலதான் ஏறி வந்தாங்க.