மூன்று வேளையும் பவுடர் கரைத்துக் குடித்து எடையைக் குறைக்கலாமா?

கேள்வி: வயது 46, உயரம் 165 செ.மீ.; எடை 104 கிலோ. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் சாப்பிட்டு வருகிறேன். மூன்று வேளை உணவையும் விட்டுவிட்டுப் பவுடர் கரைத்துக் குடித்தால் எடை வேகமாகக் குறையும் என்கிறார்கள். தொடங்கலாமா?

பதில்: எடை குறையும். ஆயினும், பவுடர் டப்பாவைத் திறப்பதற்கு முன் உங்கள் மாத்திரைச் சீட்டோடு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஒரு நாளின் உணவு 800 கலோரி அளவுக்குச் சுருங்கிய பின்னும் கிளிமிபிரைடு வழக்கம்போல இன்சுலினைச் சுரக்கத் தூண்டிக்கொண்டே இருப்பதால், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மயக்கம் வரலாம். ரத்த அழுத்தமும் இறங்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம். பிரிட்டனில் இதே பவுடர் முறையைச் சோதித்து 2017இல் வெளியான 'டைரக்ட்' ஆய்வில், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகிய இவ்விரு வகை மாத்திரைகளையும் மருத்துவக் கண்காணிப்பில் முதல் நாளே நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். இன்சுலின் போடுபவர்களும் டபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் இன்னும் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நோய் வந்து ஆறாண்டுக்கு மேற்படாத, இன்சுலின் போடாதவர்களே அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். அவ்வகையில் அது உங்களுக்குப் பொருந்தும். மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் எடுத்துக்கொண்டவர்களில் 46 சதவீதத்தினருக்கு, ஓராண்டு முடிவில் மருந்தில்லாமலேயே சர்க்கரை அளவு நீரிழிவு வரம்புக்குக் கீழே இருந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் அது 36 சதவீதமாகியது. அந்தச் சரிவைக் கவனியுங்கள். பவுடர் குடிக்கும் மாதங்களில் எதைச் சாப்பிடுவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. சோறும் இட்லியும் தட்டுக்குத் திரும்பும்போதுதான் எடை மீண்டும் ஏறத் தொடங்குகிறது. ஆகவே, இரண்டு முதல் எட்டு வாரங்களில் ஒவ்வொரு வேளையாக உணவைத் திரும்பச் சேர்ப்பதற்கும், அதன்பின் மாதந்தோறும் எடை பார்த்துப் பேசுவதற்கும் ஓர் உணவியல் வல்லுநர் கிடைப்பாரா என்பதை முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் தள்ளிப்போடுவதே மேல் என்பேன்.

உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் புரதப் பவுடர் இதற்கு ஆகாது. வைட்டமின், தாது உப்பு, கொழுப்பு அமிலம் எல்லாம் ஒரு நாள் தேவைக்கு நிறைந்திருக்கும் முழு உணவு மாற்றுப் பவுடரே வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்கள் இம்முறையைத் தவிர்க்க வேண்டும்.

தண்ணீர் நாளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறைய வேண்டாம், மலச்சிக்கல் வரும். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகலாம் என்பதால், வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே கடும் வலி எடுத்தால் வாயு என்று எண்ணிக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.