ஃப்ளோ பேட்டரியில் நுண்துளைக் கூட்டுச் சவ்வு எதற்கு?

வனேடியம் ஃப்ளோ பேட்டரியில் ஆற்றல், வனேடியம் என்ற உலோகத்தின் அயனிகள் கரைந்த இரண்டு தொட்டி அமிலத் திரவங்களில் சேமிக்கப்படுகிறது. பம்பு அவற்றைச் செல்லுக்குள் ஓட்டும்போது, இரண்டும் கலக்காமல் நடுவில் தடுப்பதுதான் சவ்வு. முழுக்க அடைத்துவிடவும் கூடாது. புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) கடந்தால்தான் மின்சுற்று முழுமையாகும். கொசுவலை மாதிரி: காற்று நுழையும், கொசு நுழையாது. நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த வனேடியம் அயனி உருவில் பெரியது, நுண்துளையில் திணறும். புரோட்டானோ நீர் வழியே தாவிப் போய்விடும்.

இரண்டு பொருள்கள் சேர்ந்த கூட்டுச் சவ்வு ஏன்? பாலிஎத்திலீன் சவ்வு மலிவு, ஆனால் துளைகள் பெரியவை. சிலிக்கா துகள்களைச் சேர்த்தால் வழி குறுகும், அமிலத்திலும் நன்றாக நனையும். இந்த பேட்டரிகளில் பரவலாகப் பயன்படும் நாஃபியான் என்ற விலை உயர்ந்த பாலிமர் சவ்வை நினைத்தால் இது பெரிய ஆறுதல்.

துளை சிறுக்கச் சிறுக்க நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அளவுக்கு மீறிச் சிறுத்தால் புரோட்டானும் தடுமாறி, மின்தடை ஏறி, ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும்.