காலை உணவைத் தள்ளிப்போடலாம், காலை மாத்திரையை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 54. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500 மி.கி., காலையில் கிளிமிபிரைடு 2 மி.கி. எடுத்துக்கொள்கிறேன். எடையைக் குறைப்பதற்காக, இரவு 8 மணிக்குச் சாப்பிட்ட பிறகு மறுநாள் பகல் 12 மணிவரை தண்ணீர் மட்டுமே அருந்துகிறேன். மாத்திரைகளை வழக்கம்போல் காலையில் போட்டுக்கொள்கிறேன். ஐந்து நாள்களாக 11 மணிவாக்கில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டுகிறது. உடல் பழகும்வரை பொறுத்துக்கொள்ளலாமா?

பதில்: பொறுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் சொல்வது வெறும் பசியின் அறிகுறி அல்ல. ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவதன் அறிகுறியாகவே தெரிகிறது. நாளை முதல் காலை உணவைச் சாப்பிடுங்கள். மருத்துவரைப் பார்த்து மாத்திரையைச் சரிசெய்துகொள்ளும்வரை விரதம் வேண்டாம்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஆகவேதான் அதை அன்றைய முதல் முக்கிய உணவோடு சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். நீங்கள் உணவை நண்பகலுக்குத் தள்ளிவிட்டு, மாத்திரையை மட்டும் பழைய நேரத்திலேயே விட்டுவிட்டீர்கள். கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. இன்சுலின் ஊசிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்வது அரிது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களின் நிலை வேறு. நீண்ட நேரம் உண்ணாமல் இருந்தால் உடலில் நீர் வற்றுவதோடு, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாதபோதே ரத்தத்தில் கீட்டோன்கள் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்கள்) பெருகக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆக, எத்தனை மணி நேர விரதம் என்று கேட்பதற்கு முன், எந்த மாத்திரையோடு விரதம் என்று கேட்க வேண்டும். மருத்துவர் கிளிமிபிரைடின் அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், வேறு மருந்துக்கும் மாற்றலாம். அதை நீங்களாகவே செய்ய வேண்டாம்.

விரதத்தால் பயனே இல்லையா என்றால், உண்டு. ஆனால் பேசப்படும் அளவுக்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 137 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. வாரத்தில் இரு நாள்கள் மட்டும் 500 முதல் 600 கலோரியோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கும், தினமும் அளவாகச் சாப்பிட்டவர்களுக்கும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்தது. அங்கும் மருந்துகளை மருத்துவ மேற்பார்வையில் மாற்றியமைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு அளவாகச் சாப்பிடுவது எளிதாக இருந்தால் அதுவே போதும்.

மருந்து சரியான பிறகும் விருப்பம் இருந்தால், 16 மணி நேரத்தில் தொடங்காமல், இரவு 7 மணிக்கு முடித்து மறுநாள் காலை 7 மணிக்கு உண்ணும் 12 மணி நேர இடைவெளியில் தொடங்குங்கள். விரதத்தை முடிக்கும் உணவிலும் கவனம் வேண்டும். ஏகாதசி விரதத்தில் சோற்றை விலக்கிவிட்டு ஜவ்வரிசிக் கஞ்சியும் வாழைப்பழமுமாக நாளைக் கடத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜவ்வரிசி ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்துதான், சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். காய்கறி, பருப்பு, முட்டை போன்றவற்றில் தொடங்கி, சோற்றைக் கடைசியில் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் எழுந்ததும், 11 மணிக்கும், உணவுக்கு 2 மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவையுங்கள். 70க்குக் கீழே போனால் அந்த நிமிடமே விரதத்தை விட்டு, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 300ஐத் தாண்டினாலும் விரதத்தை நிறுத்திவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்காக அட்டெனலால், மெட்டோபிரலால் எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம் என்பதால், அவர்கள் அறிகுறிகளை நம்பாமல் கருவியைத்தான் நம்ப வேண்டும்.

முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், தனியாக வசிக்கும் முதியவர்கள் ஆகியோருக்கு இந்த விரத முறையை நான் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இந்த ஐந்து நாள்களில் நடுக்கம் வந்த நேரங்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.