பதம் பார்க்கப் பழகட்டும்: குழந்தைகளின் களிமண் கைவேலை – கேள்வி பதில்

சக்கரம் இல்லாமல் கையாலேயே கிண்ணமும் பொம்மையும் வனையக் குழந்தைகளுக்கு எப்படிக் கற்றுத்தருவது? பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மண்வேலை கற்பித்துவரும் ஓர் ஆசிரியை இங்கே பதில் சொல்கிறார்.

என் மகளுக்கு ஏழு வயது. கடையில் விற்கும் வண்ணக் களிமண் போதுமா, உண்மையான மண்தான் வேண்டுமா அம்மா?

உண்மையான மண்ணையே கொடுங்கள். வண்ணக் களிமண் பெரும்பாலும் எண்ணெயும் மெழுகும் கலந்தது. அது காயாது, சுருங்காது, வெடிக்காது. அதனால் அவள் எதையும் கவனிக்க வேண்டிய தேவையே இருக்காது. மண் நேரத்துக்கு நேரம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தை விரலால் அறிவதுதான் பாடம். அதற்குப் பதம் என்று பெயர். நான் கற்பிப்பதில் முக்கால்வாசி அதுதான்.

அருகில் மண்பாண்டம் வனையும் வேளார்களின் குடியிருப்பு இருந்தால் மிதித்துப் பிசைந்த மண்ணாகவே கேட்டு வாங்கிவிடலாம். குளத்து மண் கிடைத்தால் உலரவைத்து, உடைத்து, ஒரு நாள் நீரில் ஊறவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். தெளிந்த நீரைக் கொட்டிவிட்டுக் கெட்டியாகும்வரை பழைய பருத்தித் துணியில் பரப்பி வையுங்கள். பிறகு சுண்டுவிரல் பருமனில் ஒரு திரி உருட்டி, விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். ஆழமாக வெடித்தால் ஈரம் குறைவு, அல்லது மணல் அதிகம். கையில் ஒட்டிக்கொண்டே வந்தால் ஈரம் அதிகம்.

முதல் நாளில் அவளது கைக்கு அடங்கும் ஓர் உருண்டை போதும். கட்டைவிரலை நடுவில் இறக்கி, உருண்டையைச் சுழற்றிக்கொண்டே விரல்களால் கிள்ளிக் கிள்ளிச் சுவரை உயர்த்தச் சொல்லுங்கள். அடிப்பகுதி ஒரு விரல் தடிமன் இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னால், சுவர் எங்கே தடித்திருக்கிறது என்பதை விரல் தானே சொல்லும்.

கோப்பைக்குக் காது வைத்தால் மறுநாள் கழன்று விழுந்துவிடுகிறது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே கதை.

ஈர மண்ணை வெறுமனே ஒட்டினால் நிற்காது. சேரும் இரண்டு பரப்பையும் பழைய முள்கரண்டியாலோ பல் துலக்கும் பிரஷாலோ குறுக்கும் நெடுக்குமாகக் கீறச் சொல்லுங்கள். அதே மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தயிர்ப் பதத்தில் வைத்துக்கொண்டு கீறலில் தடவி, அசைத்து அழுத்தவேண்டும். பின்பு இணைப்பைச் சுற்றி ஒரு மெல்லிய திரியை வைத்து விரலால் இழுத்து மூடிவிடலாம்.

உங்கள் வகுப்பில் காரணம் இன்னொன்றாகவும் இருக்கலாம் என்று நினைக்கிறேன். நேற்றுச் செய்த கோப்பையில் இன்று புதிதாக உருட்டிய காதை ஒட்டுகிறீர்களா? கோப்பை சுருங்கி முடித்திருக்கும், காது இனிமேல்தான் சுருங்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிய்த்துக்கொள்ளும். ஒரே ஈரத்தில் உள்ளவையே ஒட்டும்.

நான் ஐந்தாம் வகுப்பு. என் யானை நிற்கவே மாட்டேன் என்கிறது மிஸ். கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிறது.

கால்களைக் குட்டையாகவும் பருமனாகவும் செய் கண்ணா. அவை சற்று இறுகும்வரை காத்திரு, அதற்குப் பிறகு உடலை வை. அதுவரை வயிற்றுக்கு அடியில் செய்தித்தாள் உருண்டை ஒன்றை முட்டுக் கொடு. அய்யனார் கோயிலில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மண்குதிரைகளைப் பார்த்திருப்பாய். அவற்றை வேளார்கள் உள்ளே கூடாக, கீழிருந்து மேலாகப் பகுதி பகுதியாகக் கட்டுகிறார்கள். கீழ்ப்பகுதி இறுகி எடை தாங்கும் என்று தெரிந்த பிறகே அடுத்த பகுதி. நீயும் அவசரப்படாதே.

மேற்பரப்பில் வேலைப்பாடு செய்யச் சொன்னால் கையில் கிடைத்ததையெல்லாம் எல்லா இடத்திலும் குத்தித் தள்ளுகிறார்கள். இதை எப்படிக் கற்பிப்பது?

முதல் வகுப்பில் தாராளமாகக் குத்தட்டும். ஆனால் அது பாண்டத்தின் மேல் வேண்டாம். தட்டையாக உருட்டிய ஒரு மண் பலகையின் மேல் நடக்கட்டும். இருபுறமும் ஒரே தடிமனுள்ள இரண்டு மரச்சட்டங்களை வைத்து, நடுவில் மண்ணை வைத்து, பூரிக்கட்டையை அந்தச் சட்டங்களின் மேல் உருட்டினால் பலகை சீராக வரும். ஏழெட்டு மில்லிமீட்டர் தடிமன் நல்லது. அடியில் துணி போட மறக்கவேண்டாம்.

பிறகு பொருள் தேடப் பிள்ளைகளையே அனுப்புங்கள். கோணிச் சாக்கு, கோரைப்பாய்த் துண்டு, தேங்காய் நார், சீப்பு, வேர்க்கடலை ஓடு, திருகாணி, முறுக்கு அச்சு, எல்லாம் வந்து சேரும். அரச இலையை எடுத்தால் அதன் பின்பக்கம் மண்ணைப் பார்த்திருக்கவேண்டும். நரம்பு புடைத்திருப்பது அங்கேதான். இலையின் மேல் கட்டையை ஒரே முறை அழுத்தி உருட்டிவிட்டு, காம்பைப் பிடித்து உரிக்கவேண்டும். இரண்டாம் முறை உருட்டினால் இலை நகர்ந்து கோடு இரட்டிக்கும்.

அதன் பிறகுதான் பதம் பற்றிப் பேசுகிறேன். அழுத்திப் பதிப்பதற்கு மண் மென்மையாக இருக்கவேண்டும். கீறிச் செதுக்குவதற்குப் பாதி காய்ந்திருக்கவேண்டும், அதாவது நகம் பட்டால் கோடு விழும், விரலால் அழுத்தினால் குழி விழாது. மென்மையான மண்ணில் கீறினால் ஓரமெல்லாம் பிசிறு எழும். இதை நான் வாயால் சொல்வதில்லை. ஒரே கோட்டைக் காலையிலும் மாலையிலும் கீறிப்பார்க்கச் சொல்வேன், அவர்களே வந்து என்னிடம் சொல்வார்கள்.

உருளைக் குவளை செய்வதானால் பலகையில் முதலில் பதித்துவிட்டு, பிறகு அட்டைக் குழாயைச் செய்தித்தாளால் சுற்றி அதன் மேல் பலகையை வளைக்கவேண்டும். குவளை நின்ற பிறகு வெளியிலிருந்து அழுத்தினால் சுவர் உள்வாங்கிவிடும். குழாயை மண் இறுகுவதற்குள் உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் மண் சுருங்கும்போது அதைச் சுற்றியே வெடிக்கும்.

குத்தித் தள்ளுவதற்கு மருந்து, பழைய பாண்டங்களைக் காட்டுவது. ஜப்பானின் ஜோமோன் மக்கள் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சக்கரமின்றிப் பானை வனைந்து, முறுக்கிய கயிற்றை ஈர மண்ணில் பதித்து அதன் உடலை நிரப்பினார்கள். ஒரு கயிறு மட்டும்தான், ஆனால் வரிசை தவறாது. நம் ஆதிச்சநல்லூரில் 2004-இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் பெண், மான், முதலை, பறவை எல்லாம் மண்ணை ஒட்டிப் புடைப்பாகச் செய்யப்பட்டிருக்கின்றன. பதிப்பது, கீறுவது, ஒட்டுவது என்று மூன்று வழிகள் உண்டு என்று இவற்றைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். பிறகு, “ஒரு பாண்டத்துக்கு ஒரே ஒரு கருவி, பாதி இடத்தை வெறுமையாக விடு” என்று ஒரு நாள் மட்டும் கட்டளை போடுங்கள். அன்று வரும் வேலையைப் பார்த்து நீங்களே வியப்பீர்கள்.

வேலை நன்றாக வருகிறது, காயும்போது விரிசல் விட்டுவிடுகிறது.

வெயிலிலும் மின்விசிறிக்கு அடியிலும் வைக்காதீர்கள். மண் காயும்போதும் சுடும்போதுமாகப் பத்து சதவீதத்தை ஒட்டிச் சுருங்கும். மெல்லிய ஓரம் முதலில் காய்ந்து, தடித்த அடி பின்தங்கினால் நடுவில் பிளக்கத்தான் செய்யும். முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் உறையால் தளர்வாக மூடி, அடியில் செய்தித்தாள் போட்டு, நிழலில் வையுங்கள். தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தேய்க்கும் பழக்கமும் விரிசலுக்கு ஒரு காரணம். பிள்ளைகளின் பக்கத்தில் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைக்காதீர்கள், ஈரப் பஞ்சு போதும்.

சமையலறை அவனில் (oven) சுட்டுவிடலாமா?

முடியாது. வீட்டு அவன் 250 டிகிரி அளவில் நின்றுவிடும். மண்ணோடு வேதியியலாகப் பிணைந்த நீர் ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரி செல்சியஸுக்குள்தான் பிரிந்து போகிறது. அதற்குப் பிறகே அது நீரில் கரையாத ஓடாகிறது. மின்சூளையில் 1000 டிகிரியை ஒட்டிச் சுடுவது வழக்கம். அருகிலுள்ள வேளாரிடம் கேளுங்கள், அவருடைய சூளையில் இடம் இருந்தால் வைத்துத் தருவார். அதற்கான கூலியை மனமாரக் கொடுங்கள்.

சூளையில் வெடிப்பதற்குக் காற்றுக் குமிழியைக் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி உள்ளே எஞ்சிய ஈரம்தான். 100 டிகிரியில் அது ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மண்ணைச் சிதறடிக்கும். கட்டைவிரலைவிடத் தடித்த எதையும் அடிப்புறமாகக் குடைந்துவிடுங்கள். முழுக்க மூடிய கூடாக இருந்தால் ஊசித்துளை ஒன்று போடுங்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை.

விநாயகர் சதுர்த்திக்கு மகனே பிள்ளையார் செய்ய ஆசைப்படுகிறான்.

செய்யட்டும்! சுடவும் வேண்டாம், சாயமும் வேண்டாம். வாளித் தண்ணீரிலேயே கரைந்துவிடும். வயிற்றுக்கு ஓர் உருண்டை, தலைக்கு ஒன்று, மற்றதெல்லாம் திரி. தும்பிக்கையைத் தொங்கவிடாமல் வயிற்றின் மேல் படியவைத்தால் ஒடியாது. நகைகளுக்கு இடியாப்ப உழக்கில் பிழிந்த மண் நூல் அழகாக வரும்.

என் மகன் மண்ணைத் தொடவே கூசுகிறான்.

வற்புறுத்த வேண்டாம். கட்டையும் குச்சியும் கொடுத்துப் பலகையில் பதிக்கச் சொல்லுங்கள். கை கழுவத் தண்ணீரும் துண்டும் கண்ணெதிரே இருந்தால் பல பிள்ளைகள் தாமாகவே விரலை வைக்கிறார்கள்.

கோணலாக இருந்தால் நாங்கள் கொஞ்சம் சரிசெய்து கொடுக்கலாமா?

கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. உங்கள் விரல் பட்ட கணத்தில் அது உங்கள் கிண்ணம். குழந்தை அடுத்த முறை உங்களைத்தான் கூப்பிடும், மண்ணைப் பார்க்காது. காட்டித்தர வேண்டுமென்றால் உங்களுக்கென்று தனி உருண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.

மிச்ச மண்ணையும் வகுப்பறையையும் என்ன செய்வது?

காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடையுங்கள். கை கழுவிய நீரை வாளியில் தேக்கி, தெளிந்த பிறகு மேல் நீரை மட்டும் செடிக்கு ஊற்றுங்கள். மண் இறங்கினால் குழாய் அடைத்துக்கொள்ளும். உடைந்த, சுடாத துண்டுகளை முழுக்கக் காயவிட்டுப் பிறகு நீரில் போடுங்கள். அரைகுறை ஈரத்தில் போட்டதைவிட விரைவாகக் கரையும். அடுத்த வாரம் அதே மண்ணைப் பிசையும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள்.