முன்னாடியே கடனை அடைத்ததற்குப் பிடித்த பணம் திரும்ப வருமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறியதும் நம் டெல்டாக்காரர்கள் பலர் முதலில் செய்வது கடனை அடைப்பதுதான். அதனால் மாசி, பங்குனியில் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே விஷயமாக இருக்கும்: “கெடுவுக்கு முன்னாடியே கட்டினேன், அதற்கும் காசு பிடித்துவிட்டார்கள், திரும்ப வாங்க முடியுமா?” பலருக்கு முடியும், சிலருக்கு முடியாது. சாங்ஷன் கடிதத்தின் (கடனை அனுமதித்த கடிதம்) நகலை வைத்து எழுதியவர்களுக்குத் திட்டமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். வைக்காதவர்களுக்குப் பொதுவாகத்தான் சொல்ல முடிகிறது.

மன்னார்குடி வாசகர்: 2019-இல் வங்கியில் ப்ளோட்டிங் வட்டிக்கு வீட்டுக்கடன் வாங்கினேன். போன ஆடியில் நிலம் விற்று மொத்தமாக அடைத்தேன். பாக்கி இருந்த 18 லட்சத்துக்கு 2 சதவீதமும் ஜிஎஸ்டியும் பிடித்தார்கள். கேட்டால், “சிஸ்டம் பிடித்தது, நான் என்ன செய்ய” என்கிறார் மேலாளர்.

முழுதாகத் திரும்ப வாங்கலாம். ப்ளோட்டிங் வட்டி (ஏறி இறங்கும் வட்டி) வீட்டுக்கடனுக்கு ஃபோர்குளோஷர் கட்டணம் (முன்னாடியே அடைப்பதற்கான கட்டணம்) வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூன் 5-ஆம் தேதியே வங்கிகளுக்கு உத்தரவு போட்டுவிட்டது. 2014 மே மாதம் தனிநபருக்குக் கொடுத்த எல்லா ப்ளோட்டிங் டேர்ம் லோனுக்கும் (தவணைக் கடன்) அதை விரித்தது. அடைத்த பணம் நிலம் விற்றதா, வேறு வங்கியில் வாங்கியதா என்ற பேச்சே இதில் கிடையாது.

உங்களுக்கு வர வேண்டியது கட்டணம் 36 ஆயிரம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் ஆறரை ஆயிரம். ஜிஎஸ்டியைத் தனியாக எழுதிக் கேளுங்கள். கட்டணத்தைத் திருப்பிவிட்டு வரியை அப்படியே விட்டுவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

மேலாளர் மேசை முன்னால் நின்று பேசிப் பயன் இல்லை. வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். கடன் எண், அடைத்த தேதி, பிடித்த தொகை, 2012 உத்தரவு, எத்தனை நாளில் எந்தக் கணக்கில் திரும்ப வர வேண்டும், அவ்வளவுதான், ஒரு பக்கம் போதும். இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கி வாருங்கள். மறுத்துப் பதில் வந்தாலோ, 30 நாளில் பதிலே வராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு (புகாரை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) எழுதுங்கள். ஆன்லைனிலும் போடலாம், தபாலிலும் அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம்.

திருவாரூர் வாசகர்: நான் லோன் க்ளோஸ் செய்துவிட்டேன். எனக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

வங்கியா, நிதி நிறுவனமா, ப்ளோட்டிங்கா, நிலையான வட்டியா, எந்த வருஷம், எவ்வளவு பிடித்தார்கள், எதையும் எழுதாமல் தொகை மட்டும் கேட்கிறீர்கள். கடன் முடித்த கணக்குத் தாளையும் சாங்ஷன் கடிதத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கும்பகோணம் வாசகர்: வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றில் நிலையான வட்டிக்குக் கடன். வட்டி குறைவாக இருந்ததால் 2024-இல் வங்கிக்கு மாற்றினேன். 2 சதவீதம் பிடித்தார்கள்.

நிலையான வட்டிக் கடனைச் சொந்தப் பணத்தில் அடைத்திருந்தால் வீட்டுக்கடன் நிறுவனம் கட்டணம் வாங்கியிருக்கக் கூடாது. நீங்கள் வங்கியில் கடன் வாங்கி அடைத்திருக்கிறீர்கள், அது சொந்தப் பணம் ஆகாது. நகை விற்றது, பி.எஃப். பணம், மாமனார் கொடுத்தது எல்லாம் சொந்தப் பணத்தில் சேரும்.

ஒன்றை மட்டும் பாருங்கள். “முதல் 3 வருஷம் நிலையான வட்டி, பிறகு ப்ளோட்டிங்” என்று சாங்ஷன் கடிதத்தில் இருக்கிறதா? இருந்து, நீங்கள் மாற்றியது அந்த 3 வருஷத்துக்குப் பிறகு என்றால் உங்கள் கடன் அன்றைக்கு ப்ளோட்டிங்தான். கேட்டு வாங்கலாம். நிறுவனம் மறுத்தால் நீங்கள் போக வேண்டிய இடம் தேசிய வீட்டுவசதி வங்கியின் புகார்த் தளம். வீட்டுக்கடன் நிறுவனத்தைப் பற்றி ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

மயிலாடுதுறை, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்: மகள் கல்யாணத்துக்காக 2023-இல் வீட்டை அடமானம் வைத்து நிதி நிறுவனத்தில் 25 லட்சம் வாங்கினேன். ப்ளோட்டிங் வட்டி. கிராஜுவிட்டி பாக்கி வந்ததும் போன வருஷம் மீதி 22 லட்சத்தை அடைத்தேன். 4 சதவீதமும் ஜிஎஸ்டியும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் பிடித்துவிட்டார்கள். “இது பிசினஸ் லோன் சார், விதிவிலக்கு கிடையாது” என்கிறார்கள். நான் வாழ்நாளில் வியாபாரமே செய்ததில்லை.

ஐயா, நீங்கள் அனுப்பிய விண்ணப்ப நகலை மூன்று தடவை பார்த்தேன். உங்கள் பெயர், முகவரி, பென்ஷன் விவரம் எல்லாம் கறுப்பு மையில், பள்ளிக்கூடக் கையெழுத்தில், அச்சடித்ததுபோல இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் ‘கடன் நோக்கம்’ என்ற கட்டத்தில் மட்டும் நீல மையில், வேறு கையெழுத்தில், ‘பிசினஸ் எக்ஸ்பேன்ஷன்’ என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உங்கள் கையெழுத்து இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுத்தான் நீங்கள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

இந்த ஒரு கட்டத்தால் டெல்டாவில் எத்தனை குடும்பத்துப் பணம் போகிறது என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. நிதி நிறுவனங்களுக்கும் 2014 ஜூலையிலேயே தடை வந்துவிட்டது. 2019 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அதைத் தெளிவுபடுத்தியது: தனிநபர், வியாபாரம் அல்லாத தேவைக்கு வாங்கிய ப்ளோட்டிங் கடன் என்றால் கட்டணம் கூடாது, கூட்டுக் கடன்தாரர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அதனால்தான் ஏஜென்டுகள் அந்தக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கினாலும் கல்லூரிக் கட்டணத்துக்கு வாங்கினாலும் ‘பிசினஸ்’ என்று எழுதிவிட்டால் 4 சதவீதத்துக்கு வழி பிறந்துவிடுகிறது. வீட்டம்மா பெயரில் ‘தையல் தொழில்’ என்று உத்யம் பதிவு (குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) ஒன்றையும் போட்டுவிடுகிறார்கள். அது சுய அறிவிப்பில், ஆதாரும் பான் எண்ணும் ஓடிபியும் இருந்தால் பத்து நிமிஷத்தில் கிடைப்பது. என் சொந்தத் தங்கை வீட்டிலும் இது நடந்தது. ஓடிபி சொன்னது மட்டும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது, என்ன பதிவு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தையல் மெஷின்கூட அந்த வீட்டில் கிடையாது.

அண்ணன் என்ற முறையில் நானே உட்கார்ந்து எழுதிய கடிதத்தில் எது பலித்ததோ அதை உங்களுக்கும் சொல்கிறேன். நோக்கம் என்ன என்று காட்டுவது பணம் போன பாதைதான். கடன் உங்கள் கணக்கில் விழுந்த நாளிலிருந்து இரண்டு மாத பாஸ்புக்கை எடுங்கள். கல்யாண மண்டபத்துக்குப் போனது, நகைக்கடைக்குப் போனது, சமையல்காரருக்கு எடுத்தது ஒவ்வொன்றையும் கோடிட்டு, ரசீதையும் பத்திரிகையையும் இணையுங்கள். உங்கள் பென்ஷன் உத்தரவு, வருமானவரிக் கணக்கில் வியாபார வருமானம் இல்லை என்பது, விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கம், இவற்றையும் வையுங்கள். “விற்றுமுதல் கணக்கோ ஜிஎஸ்டி கணக்கோ பார்க்காமல் எந்த வியாபாரத்துக்குக் கடன் கொடுத்தீர்கள்? அந்த ஆய்வு அறிக்கையின் நகலைக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அது அவர்கள் பைலில் பெரும்பாலும் இருக்காது.

பதில் சாதகமாக இல்லாவிட்டால் உங்களுக்கு இரண்டு வழி: ஆம்புட்ஸ்மேன், அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையம். மை மாறியிருக்கிறது, கையெழுத்து மாறியிருக்கிறது என்று சாட்சி பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்பதால் உங்களுக்கு ஆணையம்தான் பொருத்தம் என்பது என் எண்ணம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பணம் பிடித்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும், தள்ளிப் போடாதீர்கள்.

இனிமேல் கடன் வாங்கப் போகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். காலிக் கட்டம் உள்ள தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நோக்கத்தை உங்கள் கையாலேயே தமிழில் எழுதுங்கள்: ‘மகள் திருமணம்’. ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலம், அரிசி ஆலை உரிமையாளர்: எங்களுக்கு உண்மையிலேயே பிசினஸ் லோன். வங்கியில் 2022-இல் 60 லட்சம். இப்போது அடைத்தால் கட்டணம் உண்டா?

2022 கடனுக்கு உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளபடி வாங்கலாம். ரிசர்வ் வங்கி 2025 ஜூலை 2-ஆம் தேதி போட்ட புதிய விதி, 2026 ஜனவரி 1 முதல் அனுமதித்த அல்லது புதுப்பித்த கடனுக்குத்தான். அதன்படி தனிநபருக்கும் குறு, சிறு நிறுவனத்துக்கும் ப்ளோட்டிங் வட்டியில் கொடுத்த வியாபாரக் கடனுக்கு வணிக வங்கிகளும் மிகப் பெரிய நிதி நிறுவனங்களும் கட்டணம் வாங்கக் கூடாது. சிறு நிதி வங்கி, கிராம வங்கி, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி, நடுத்தர நிதி நிறுவனங்கள் ஆகியவற்றில் 50 லட்சம் வரையிலான கடனுக்குக் கூடாது.

நெல் பிடிக்கும் கேஷ் கிரெடிட் கணக்கு (வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக் கட்டும் கடன்) தனி. அதைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றால் ஒப்பந்தத்தில் சொன்ன கெடுவுக்குள் எழுதிக் கொடுத்துவிட்டு, முடிகிற தேதியில் அடையுங்கள். புது விதிக்குள் வரும் கணக்கு என்றால் கட்டணம் கிடையாது. வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது கணக்கில் வராது, முத்திரை வாங்குங்கள்.

பாபநாசம் வாசகர்: பிடித்த பணத்தை மீட்டுத் தருவதாக ஒருவர் 30 சதவீதம் கமிஷன் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். ஒரு பக்கக் கடிதத்துக்கு 30 சதவீதமா? மன்னார்குடிக்காரருக்குச் சொன்ன பதிலைப் பார்த்து நீங்களே எழுதுங்கள். உங்கள் ஓடிபியையும் பாஸ்புக்கையும் அவரிடம் கொடுக்காதீர்கள்.

பட்டுக்கோட்டை வாசகர்: கடன் முடிந்து 50 நாள் ஆகிறது. “பத்திரம் சென்னையில் இருக்கிறது” என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

முழுதும் அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைக் கொடுக்க வேண்டும். அவர்கள் பக்கத் தாமதம் என்றால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. உங்களுக்கு 20 நாள் கணக்கு, ஒரு லட்சம். இதைக் கடிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள், பத்திரம் தானாகச் சென்னையிலிருந்து கிளம்பும்.

பத்திரம் வந்ததோடு வேலை முடியவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த எம்.ஓ.டி.யை (கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைத்ததற்கான ஆவணம்) ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் பதியச் சொல்லி, பிறகு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அது நடக்காவிட்டால் பத்து வருஷம் கழித்து வீட்டை விற்கும்போது தகராறு வரும்.

திருவையாறு வாசகர்: வீட்டை 3 வருஷ ஒத்திக்கு 6 லட்சத்துக்குக் கொடுத்தேன். ஒரு வருஷத்தில் பணம் புரட்டிவிட்டேன். முன்னாடியே மீட்டால் 50 ஆயிரம் கூடக் கொடு என்கிறார்.

தனி ஆளிடம் வைத்த ஒத்திக்கு ரிசர்வ் வங்கி விதி எதுவும் வராது. சொத்து மாற்றுச் சட்டம் 60-ஆவது பிரிவின்படி கெடு வந்த பிறகுதான் மீட்கும் உரிமை உங்களுக்கு வருகிறது. ஒத்திப் பத்திரத்தில் முன்னாடியே மீட்க வழி எழுதாவிட்டால், அதற்கு முன் மீட்பது அவர் சம்மதம்தான். பேசிக் குறையுங்கள். கெடு வந்த பிறகும் வாங்க மறுத்தால் 83-ஆவது பிரிவின்படி பணத்தை நீதிமன்றத்தில் கட்டலாம். எப்போது மீட்டாலும் ரசீதைப் பதிவு செய்யுங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: இங்கிலாந்தில் இருக்கும் மகன் வீட்டை விற்று அடைத்தபோது 3 சதவீதம் பிடித்தார்கள். இங்கே கூடாது என்கிறீர்களே, அங்கே மட்டும் எப்படி?

அங்கே சட்டம் வேறு. நிலையான வட்டிக் காலத்துக்குள் அடைத்தால் 1 முதல் 5 சதவீதம் வரை வாங்குவது அங்கே சகஜம். பல நிறுவனங்கள் வருஷத்துக்கு 10 சதவீதம் வரை கட்டணம் இல்லாமல் கூடுதலாகக் கட்ட விடுகின்றன. ஆனால் அந்தக் கட்டணம் கடன் கொடுத்தவருக்கு ஏற்படும் செலவின் நியாயமான மதிப்பீடாக இருக்க வேண்டும், கடன் ஆவணத்தில் முன்பே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறியிருந்தால் நிறுவனத்திடம் புகார் கொடுக்கட்டும். 8 வாரம் பார்த்துவிட்டு, அல்லது இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள், அங்குள்ள ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மேன் சர்வீஸுக்குப் போகலாம். அங்கேயும் செலவில்லை.

வலங்கைமான் வாசகர்: 2016-இல் பிடித்த பணம்?

காலம் கடந்துவிட்டது. கடிதம் எழுதிப் பார்க்கலாம், வற்புறுத்த வழியில்லை. பிடித்த 3 வருஷத்துக்குள் வங்கிக்கே எழுதியிருக்க வேண்டும்.

ஒரத்தநாடு வாசகர்: வருஷம் ஒரு தடவை நெல் பணத்தில் 50 ஆயிரம் வீட்டுக்கடனில் கூடுதலாகக் கட்ட நினைக்கிறேன். அதற்கும் பிடிப்பார்களா?

ப்ளோட்டிங் வட்டி என்றால் பகுதியாகக் கட்டினாலும் கட்டணம் இல்லை. கட்டும்போதே “அசலில் வரவு வைக்கவும், தவணைக் காலத்தைக் குறைக்கவும்” என்று எழுதிக் கொடுங்கள். மாதத் தவணையைக் குறைத்தால் வட்டியில் அவ்வளவு மிச்சம் வராது. அடுத்த மாதம் ஸ்டேட்மென்ட் எடுத்து, கட்டிய தேதியிலேயே அசல் 50 ஆயிரம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையாமல் ‘அட்வான்ஸ் இஎம்ஐ’ என்று தனியாகக் கிடந்தால் அன்றே இன்னொரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்கி வாருங்கள்.