இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிய படம் ஏன் உரிகிறது?

நாகர்கோவிலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பருத்தி டி-ஷர்ட்டில் வினைல் படத்தை (பின்பக்கம் சூட்டில் உருகும் பசை உள்ள பிளாஸ்டிக் தாள்) வீட்டிலேயே ஒட்டினேன், இரண்டாவது துவைப்பில் ஓரம் உரிந்துவிட்டது, ஏன்?

முதலில் ஈரத்தைச் சந்தேகியுங்கள். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, கடற்காற்று வேறு. கொடியில் நன்றாகக் காய்ந்த பருத்தியும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். சூடு பட்டதும் அது ஆவியாகி, பசை இழைக்குள் இறங்குவதைத் தடுக்கும். ஆனி, ஆடிச் சாரலில் வெறும் துணியைத் தேய்த்துப் பாருங்கள், மெல்லிய ஆவி கிளம்பும். அது அடங்கிய பிறகே படத்தை வையுங்கள்.

மெத்தை வைத்த பலகை வேண்டாம். அழுத்தத்தை அது விழுங்கிவிடும். கெட்டியான மரமேசையில் பழைய வேட்டித் துணியை மடிக்காமல் விரித்தால் போதும்.

பெட்டியின் நீராவியை நிறுத்திவிடுங்கள். பல வினைல்களுக்கு 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடும் 10 முதல் 15 விநாடியும் தேவை. உறையில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. பாலியெஸ்டருக்குச் சூட்டைக் குறையுங்கள். பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், உடல் பாரத்தைக் கொடுத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். நீராவித் துளைகள் இருக்கும் இடத்தில் உலோகம் துணியைத் தொடாது. படத்தின் ஓரம் அந்தத் துளைகளுக்குக் கீழே வந்தால் அங்கே பசை முழுதாக உருகாது. உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

அந்தச் சட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். பட்டர் பேப்பரை மேலே வைத்து ஓரங்களை மறுபடி அழுத்துங்கள். ஒரு நாள் கழித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவையுங்கள்.