மவுண்டன் பைக்கில் டிஸ்க் பிரேக் பேடை எப்போது மாற்ற வேண்டும்? சத்தம் வரும்வரை ஓட்டலாமா?

சத்தம் வரும்வரை ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்படி ஓட்டிப் பார்த்தவன். ஒரு ஜோடி பேடோடு போயிருக்க வேண்டிய செலவு, டிஸ்க்கையும் சேர்த்து வாங்குவதில் போய் முடிந்தது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன், பலருக்கு அதுவே போதும். பேடில் இரண்டு அடுக்கு உண்டு. பின்னால் ஒரு உலோகத் தகடு, அதன்மேல் ஒட்டியிருக்கும் தேய்கிற பகுதி. அந்தத் தேய்கிற பகுதி மட்டும் 0.5 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றச் சொல்கிறது பிரேக் தயாரிக்கும் ஷிமானோ நிறுவனம். இன்னொரு நிறுவனமான ஸ்ராம் சொல்லும் கணக்கு வேறு: தகட்டையும் சேர்த்து மொத்தம் 3 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, “எனக்கு இன்னும் ரெண்டு மில்லி இருக்கே” என்று ஸ்ராம் பேடோடு நிம்மதியாகச் சுற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். நானோ தேய்கிற பகுதி 1 மி.மீ.க்கு வந்ததுமே புதுசு வாங்கிவிடுவேன். மழைக்காலம் என்றால் அன்றைக்கே மாற்றியும் விடுவேன்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே பேட் காய்ந்த மண்ணில் மாதக்கணக்கில் வரும், மணல் கலந்த சேற்றில் ஒரே நாளில் காலியாகும். இறக்கம் முழுக்கப் பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருகிறவருக்குப் பின்னால் சீக்கிரம் தீரும்.

நம்மை ஏமாற்றுவது லீவர்தான். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் அந்த அளவுக்கு வெளியே நகர்ந்து இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். அதனால் கைக்கு எல்லாம் புதுசு மாதிரியே இருக்கும். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதே என்பது பேட் இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. கேபிள் பிரேக்கில் அப்படி இல்லை, லீவர் ஹேண்டில்பாரை நோக்கி மெல்ல மெல்ல நெருங்கி வரும். ஆனால் நாம்தான் ஒவ்வொரு முறையும் திருகி இறுக்கி அந்த அடையாளத்தையும் அழித்துவிடுகிறோமே!

என் கதை நடந்தது நல்ல மழைக்குப் பிறகு. முந்தின வாரம்தான் சக்கரத்தைக் கழற்றாமல் மேலாக எட்டிப் பார்த்து, “இன்னும் ஒரு மாசம் தாங்கும்” என்று முடிவு செய்திருந்தேன். போட்டிருந்தது ரெசின் பேட், மெட்டல் பேடைவிடச் சீக்கிரம் தேய்கிற மென்மையான வகை. ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. இறக்கத்தில் பாதி வழியில் கிணுகிணு என்று கொலுசு மாதிரி ஒரு சத்தம். சேறு புகுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அதுவே கர்ரென்று அரைக்கிற சத்தமாக மாறியது, லீவரும் விரலுக்குள் அதிர்ந்தது. அப்புறம் வீட்டில் சக்கரத்தைக் கழற்றினால், இரண்டு பேடுக்கும் நடுவே இருக்கும் ஸ்ப்ரிங்கின் ஒரு கால் டிஸ்க்கில் உரசி உரசி காகிதம் போல மெலிந்திருந்தது. ஒரு பேடில் வெறும் தகடு. டிஸ்க்கில் நகத்தை ஓட்டினால் வரி வரியாகத் தட்டுப்பட்டது. கொலுசுச் சத்தம் கேட்டபோதே நின்று பார்த்திருந்தால் டிஸ்க் பிழைத்திருக்கும்.

சரி, எப்படிப் பார்ப்பது? சக்கரத்தைக் கழற்றுங்கள், பேட்கள் உட்கார்ந்திருக்கும் காலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து இந்தப் பக்கமிருந்து பாருங்கள். தகடு எங்கே முடிகிறது, தேய்கிற பகுதி எங்கே தொடங்குகிறது என்பது அப்போது தெளிவாகத் தெரியும். சேறு அப்பியிருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள், நான் அன்றைக்குப் பேட் என்று நம்பியதில் பாதி காய்ந்த சேறு. இரண்டு பேடையும், ஒவ்வொன்றின் இரண்டு முனைகளையும் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் பிஸ்டன் ஒன்று சிக்கியிருக்கலாம், அல்லது காலிப்பர் நடுவில் இல்லாமல் இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் போடும் புது பேடும் அப்படியேதான் தேயும். எப்படியானாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். சக்கரம் வெளியே இருக்கும்போது மட்டும் லீவரை அமுக்கிவிடாதீர்கள், பிஸ்டன்கள் நெருங்கிக்கொண்டு டிஸ்க் உள்ளே நுழையாது.

தடிமன் மிச்சம் இருந்தும் மாற்ற வேண்டி வருவது எண்ணெய் பட்டால். செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரே கொஞ்சம் தெறித்தாலும் போதும், பிரேக் ஊளையிடும், பிடியும் இருக்காது. இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடலாம். பேடை உப்புத்தாளில் தேய்ப்பார்கள், நெருப்பில்கூடக் காட்டுவார்கள். மேற்பரப்பு பளபளவென்று இறுகிப் போயிருந்தால் உப்புத்தாள் உதவும். எண்ணெய் ஊறியதை நான் தூக்கிப் போட்டுவிடுவேன். காலிப்பரே கசிந்து நனைத்திருந்தால் முதலில் கசிவைப் பாருங்கள். ஈரத்தில் மட்டும் கத்திவிட்டு, காய்ந்ததும் அடங்கினால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

மாற்றும்போது, பழைய பேட் உள்ளே இருக்கும்போதே டயர் கழற்றும் பிளாஸ்டிக் லீவரை இரண்டு பேடுக்கும் நடுவில் விட்டுப் பிஸ்டன்களை உள்ளே தள்ளிவிடுங்கள். பேட் தேய்ந்திருந்த நேரத்தில் யாராவது ஆயில் நிரப்பியிருந்தால், தள்ளும்போது அது லீவர் பக்கம் வழியும், கையில் ஒரு துணி இருக்கட்டும். டிஸ்க்கில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மெட்டல் பேட் போடக் கூடாது. டிஸ்க்கையும் அளந்துவிடுவது நல்லது. ஷிமானோவில் புதுசு 1.8 மி.மீ., 1.5 மி.மீ.க்கு வந்துவிட்டால் அதையும் மாற்ற வேண்டும். புது பேட் முதல் நாளே முழுசாகப் பிடிக்காது. ஓரளவு வேகமெடுத்து, நடை வேகத்துக்கு வரும்வரை பிரேக் பிடித்து, முழுவதும் நிறுத்தாமல் விட்டு, மறுபடி அதையே ஒரு இருபது முறை செய்தால் பிடி வந்துவிடும். அதற்கு முன் பெரிய இறக்கத்துக்குப் போகாதீர்கள்.

பாதி தேய்ந்த நிலையில் கழற்றிய, எண்ணெய் படாத ஒரு ஜோடியை நான் எப்போதும் பையில் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருப்பேன். அதோடு, பேட் கழன்று விழாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் ஒன்றும். சேற்றில் விழுந்த ஸ்பிளிட் பின் இதுவரை ஒரு முறைகூட எனக்குத் திரும்பக் கிடைத்ததில்லை.